அவன் பக்கத்துத் தரை

எங்கள் வீட்டுப் பின்புறம் இருக்கும் கராஜில் பாதித் தரை குளிர்காலத்தில் சூடாகும். மீதிப் பாதி சூடாகாது. பார்க்க வருகிறவர்கள், "ஏன் அங்கிள், பாதியோட நிறுத்திட்டீங்க?" என்று கேட்பார்கள். பட்ஜெட் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். உண்மை அதுவல்ல. சூடாகிற பாதி என் நண்பனின் முழங்காலுக்காகப் போட்டது. அந்த முழங்கால் இப்போது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், பனியை வாரிக்கொண்டிருக்கிறது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நண்பன் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் வேறு என்ன வார்த்தை இருக்கிறது? ஹாஸ்டலில் ஒரே அறை. இரண்டு பேரும் மெக்கானிக்கல். லேத்தில் இரும்பைக் கடைந்து, கையெல்லாம் கிரீஸோடு மெஸ்ஸுக்குப் போய்த் திட்டு வாங்கியவர்கள். அப்புறம் எல்லோரையும் போல அமெரிக்கா வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முப்பது வருஷம் ஒரு ஸ்பானரைத் தொடாமல் வயிறு வளர்த்தோம். கலிபோர்னியாவில், சான் ரமோனில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்து போகிற தூரம். டெக்சாஸ் பேச்சை எடுத்தது அவன்தான். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், என் மனைவிக்குக் காது புளித்துப்போனாலும் சொல்வேன். அவன்தான் எடுத்தான்.

"இங்க என்னடா இருக்கு? கராஜ்ல காரை விட்டா மனுஷன் நிக்க எடமில்ல. டாலஸுக்கு நார்த்ல போனா ஆளுக்கு ஒரு ஏக்கர் வாங்கலாம். பக்கத்துப் பக்கத்துல வீடு. நடுவுல வேலி கூட வேண்டாம். ரிடையர் ஆனதும் ஒரு ஷெட்ட போட்டு, ஒரு பழைய வண்டிய வாங்கிப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காரலாம். வேற என்னடா வேணும் நமக்கு?"

வேறு ஒன்றும் வேண்டாம் என்றுதான் எனக்கும் பட்டது. என் மனைவிக்குத்தான் விருப்பமில்லை. அவளுக்கு அங்கே பிடித்த வேலை, பிடித்த ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக நடக்கப் போகிற மலைப்பாதை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தாள். எங்கள் பெண் ஏற்கெனவே வேலைக்குப் போய்த் தனியாக இருந்தாள். இனிமேல் எங்களுக்கு யார் என்று கேட்டால், பக்கத்து வீட்டில் அவனும் அவன் மனைவியும் என்பதுதான் என் பதில். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வயதான காலத்தில் பக்கத்தில் ஒருத்தன் இருப்பான் என்ற தைரியத்தில்தான் வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்டேன்.

டெக்சாஸ் வந்து பக்கத்துப் பக்கத்தில் வீடு வாங்கியதும், கராஜை 'போல் பார்ன்' முறையில் கட்டுவது என்று முடிவு செய்தோம். 'போல் பார்ன்' என்பது இந்த ஊர்க்காரர்கள் வைக்கோலும் டிராக்டரும் வைக்கக் கட்டுகிற கொட்டகை. அஸ்திவாரச் சுவர் கிடையாது. ஆழமாகக் குழி தோண்டி, மருந்தேற்றிய மரக்கம்பங்களை வரிசையாக நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, மேலே கூரையைத் தூக்கி வைத்து, சுற்றிலும் தகரத்தைப் போர்த்திவிடுவார்கள். தரையைக் கடைசியில்தான் போடுவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து, கடைசியில்தான் தரை.

இடம் என் நிலத்தில். அவன் நிலத்தில் மரங்கள் அதிகம், அதனால் என் பக்கம். ஆனால் அவன் வீட்டைப் பார்த்து ஒரு கதவு. அவன் சமையலறையிலிருந்து நேராக நடந்து வந்து, என்னைக் கேட்காமல் திறந்துகொண்டு உள்ளே வரவேண்டும் என்று நான்தான் வைக்கச் சொன்னேன். உள்ளே இரண்டு மேஜை, எதிரெதிராக. நடுவில் வண்டி. வண்டியையும் பார்த்து வைத்திருந்தோம், யாரோ ஒரு கிழவர் தோட்டத்தில் நின்றிருந்த ஒரு பழைய பிக்கப் டிரக்.

எங்கள் நட்பு சண்டையில் வளர்ந்த நட்பு. அவன் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் காபியில் சர்க்கரை போட்டால் ஏன் போட்டாய் என்பான், போடாவிட்டால் டாக்டர் சொன்னாரா என்பான். காரில் நான் எந்த லேனில் போனாலும் அது தப்பான லேன். கராஜ் பிளான் போட்ட புதிதிலும் அப்படித்தான் இருந்தது. ஜன்னல் உயரத்துக்கு ஒரு வாரம் சண்டை. தகரம் என்ன கலர் என்பதற்குப் பேச்சுவார்த்தை முறிந்து, இரண்டு மனைவிமாரும் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணி வைத்தார்கள். எனக்கு அதெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு அவனும் அவன் மனைவியும் நியூ ஜெர்சிக்குப் போனார்கள், அவர்களுடைய ஒரே பெண்ணைப் பார்க்க. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். திரும்பி வந்தவனிடம் நான் பிளானை விரித்து வைத்துக்கொண்டு, "பெரிய கதவு தெக்கயா, மேக்கயா? மேக்க வெச்சா சாயங்கால வெயில் மூஞ்சில அடிக்கும்" என்றேன்.

"உன் இஷ்டம்டா" என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பயணக் களைப்பு என்று நினைத்தேன். பரவாயில்லை, தாத்தா ஆகப் போகிறான், பையன் திருந்திவிட்டான் என்று கூட நினைத்தேன். முட்டாள் ஜென்மம், வேறென்ன சொல்ல.

கம்பம் நடுகிற விஷயத்தில் என் மனைவி குறுக்கே வந்தாள். "கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாலே நேரம் பாக்கறோம். இது வாழ்நாளுக்கும் நிக்கப் போற கொட்டாய். சும்மா நட முடியுமா?" இந்தியன் கடையில் கொடுத்த காலண்டரைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலையைக் குறித்தாள். காலண்டரில் போட்டிருக்கிற நல்ல நேரம் இந்தியாவுக்கா டெக்சாஸுக்கா என்று எனக்குச் சந்தேகம். இந்த மாதிரி ஒரு விஷயம் கையில் கிடைத்தால் அவன் இரண்டு நாள் வைத்துப் பந்தாடுவான். சூரிய உதயத்தைக் கணக்குப் போட்டு என்னை ஒரு வழி பண்ணிவிடுவான். இந்தத் தடவை, "தங்கச்சி சொல்ற நேரமே இருக்கட்டும்டா" என்று போய்விட்டான்.

இங்கேதான் எங்களைப் போன்ற ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். இந்த ஊரில் கம்பம் நடுவதற்கு முன்னால் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து வெறும் குழிகளைப் பார்க்க வேண்டும், ஆழம் அளக்க வேண்டும், அப்புறம்தான் நட வேண்டும். இன்ஸ்பெக்டர் வருவது திங்கட்கிழமை. நல்ல நேரமோ வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு கம்பம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று ஈசானிய மூலைக் கம்பத்தை மட்டும் நட்டுவிட்டோம். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, குழிக்குள் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, நாலு பேரும் கை வைத்துப் பிடித்துக்கொண்டு இறக்கினோம். காண்ட்ராக்டரின் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார்கள். அப்புறம் கான்கிரீட்டைக் கொட்டினார்கள்.

திங்கட்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் மற்றக் குழிகளையெல்லாம் அளந்துவிட்டு, மாவிலை கட்டிய கம்பத்தின் முன்னால் வந்து நின்றார். இந்தக் குழியை நான் பார்க்கவில்லையே என்றார். நான் விளக்கினேன். கல்யாணம், பந்தக்கால், நல்ல நேரம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அழகான வழக்கம் என்றார். கம்பத்தைப் பிடுங்குங்கள் என்றார்.

மிஷின் வைத்துப் பிடுங்கினார்கள். சிந்திய பயறு குழியோரம் முளை விட்டிருந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் மனைவி, "நட்ட காலப் புடுங்கக் கூடாதே அண்ணா" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். சாதாரண அழுகையில்லை, தேம்பித் தேம்பி. என் மனைவி அவளை அணைத்தபடி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள், இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் அவனிடம், "ஏன்டா, ஒரு மரக்கட்டைக்கா இப்படி அழறா?" என்றேன். அவன் முளைத்த பயறைக் காலால் தள்ளிக்கொண்டே, "அவ அப்படித்தான்" என்றான்.

கம்பத்தை மறுபடி நட்டாயிற்று, இந்தத் தடவை நேரம் பார்க்காமல். கூரை ஏறியது. தகரம் போர்த்தியாயிற்று. அடுத்தது குளிருக்கும் வெயிலுக்கும் என்ன செய்வது என்ற கேள்வி.

டெக்சாஸ் வெயிலில் தகரக் கொட்டகை என்றால் அடுப்பு. ஏசி இல்லாமல் மே மாதத்திலிருந்து உள்ளே கால் வைக்க முடியாது. ஆனால் அவனுக்கு ஏசிக் காற்று ஆகாது. சைனஸ். ஹாஸ்டலில் ஃபேன் போட்டாலே போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வான். எனக்கோ ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. அந்த நாலு வருஷமும் ஃபேன் ரெகுலேட்டரை வைத்து நாங்கள் போட்ட சண்டை பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் தெரியும். குளிரும் அவனுக்கு ஆகாது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இங்கே ஒரு குளிர்காலத்தில் ஊரே உறைந்து, கரண்ட் போய், வீடுகளில் குழாய் வெடித்தபோது, அவன் சோபாவை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை நான் கூட இருந்து பார்த்தேன்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையாகவே வாரக்கணக்கில் யோசித்தேன். கூரையிலிருந்து தொங்குகிற கேஸ் ஹீட்டர் போட்டால் மேலேதான் சூடு இருக்கும், வறண்ட காற்று அவன் மூக்கைப் பதம் பார்க்கும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மினி ஸ்ப்ளிட் ஏசியை என் பக்கச் சுவரில் மாட்டுவது, காற்று என் மேஜை மேல் மட்டும் விழுகிற மாதிரி. அவன் பக்கம் தரைக்கு அடியில் குழாய் பதித்து, ஒரு சின்ன பாய்லரிலிருந்து பம்ப் வைத்து வெந்நீர் ஓடவிடுவது. கான்கிரீட் முழுக்கச் சூடேறி, கீழேயிருந்து இதமாக முழங்காலுக்கு ஏறும். காற்றே அடிக்காது.

காண்ட்ராக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இது வட மாநிலங்களில் செய்கிற வேலை, இங்கே வருஷத்தில் சில வாரம்தான் குளிர், நீ வாங்குகிற ஏசியிலேயே சூடும் வருமே என்றார். எனக்கா தெரியாது? "என் நண்பனுக்குக் காலில் சூடு வேண்டும், தலையில் அல்ல" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

இதற்கு அவன் சண்டைக்கு வருவான் என்று நான் தயாராக இருந்தேன். பதில்களைக் கூட யோசித்து வைத்திருந்தேன். எனக்கு என்ன நோயாளி மாதிரி தனித் தரையா என்பான், உனக்கு மூளை கெட்டுவிட்டதா என்பான். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்காகவாடா?" என்றான்.

"பின்ன, பக்கத்து வீட்டு நாய்க்கா?"

 படத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். "நல்லா இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிய விஷயம் என்று நான் அதை என் மனைவியிடம் போய்ச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, ஓஹோ, ஓஹோ என்று கேட்டுக்கொண்டாள்.

குழாய் பதிக்கிற வேலையைக் கொஞ்சம் நாங்களே செய்தோம். தரையில் நுரைப்பலகையைப் பரப்பி, அதன் மேல் கம்பி வலையைப் போட்டு, குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோய் பிளாஸ்டிக் பட்டையால் வலையோடு கட்ட வேண்டும். அவனால் மண்டி போட முடியாது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து குனிந்து கட்டினான். நான் குழாயை நீட்ட, அவன் கட்ட, எத்தனையோ வருஷம் கழித்து இரண்டு பேரும் கையால் ஒரு வேலை செய்தோம். இடையில் அவன் மனைவி பிளாஸ்கில் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போனாள். அந்தச் சனிக்கிழமை என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்களில் ஒன்று. அதை நினைக்கும்போதுதான் வயிறு அதிகமாக எரிகிறது. அந்த நாளைக் கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

கான்கிரீட் லாரி வந்தது. குழாயில் ஓட்டை இல்லை என்பதைப் பார்க்கக் காற்றை ஏற்றி, ஓரத்தில் ஒரு பிரஷர் மீட்டர் மாட்டியிருந்தார்கள். காண்ட்ராக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் இப்போது சொல்லுங்கள், ஊற்றிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, ஊத்தச் சொல்லட்டுமா?"

"ஊத்தச் சொல்லுடா" என்றான்.

ஊற்றினார்கள். முழுவதும் ஊற்றி முடிக்கிற வரைக்கும் அவன் நகராமல் நின்று பார்த்தான்.

ஏசி மாட்டியாயிற்று. டிரக் வந்து நடுவில் நின்றது. நான் அதன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்த ஒரு காலையில், கழுத்தில் கேமராவோடு ஒரு இளைஞன் வந்து கதவைத் தட்டினான். பக்கத்து வீட்டைப் படம் எடுக்க வந்திருக்கிறானாம். இந்தக் கதவு திறந்திருந்தால் பழைய வண்டி படத்தில் விழுகிறது, கொஞ்சம் சாத்திக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டான். எதற்குப் படம் என்றேன். விற்பனைக்கு என்றான். நீ அட்ரஸ் மாறி வந்திருக்கிறாய் என்றேன். அவன் போனில் காட்டினான். அட்ரஸ் சரியாகத்தான் இருந்தது.

கதவைச் சாத்தினேன். அவன் கேட்டபடியே ஒழுங்காகச் சாத்தினேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மத்தியானம் நண்பனே வந்தான், அந்தக் கதவு வழியாக. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லணும்னுதான்டா இருந்தேன்."

"எப்போ? ஃபார் சேல் போர்டு நட்ட அப்புறமா?"

"பொண்ணுக்கு ட்வின்ஸ்டா. அவளால தனியா சமாளிக்க முடியாது. டேகேர் கிடைக்கல. இவ அங்க போய் இருந்தாகணும்ங்கறா. நான் மட்டும் இங்க உக்காந்து என்ன பண்ண?"

பேத்திகளுக்காகப் போகிறான். அதில் நான் என்ன குறை சொல்ல முடியும்? போகாதே என்று சொல்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"எப்போ முடிவு பண்ணின?"

அவன் தரையைப் பார்த்தான். "அங்க போயிருந்தப்பவே. வீடு கூடப் பாத்துட்டு வந்துட்டோம்."

"அப்ப பந்தக்கால் நட்டப்போ தெரியும்."

"ம்."

"கொழா கட்டினப்போ தெரியும்."

"டேய்..."

"அந்தாளு நிறுத்தி வெச்சுக் கேட்டானேடா. மாத்தணும்னா இப்ப சொல்லுன்னு கேட்டானே. வாயில என்ன வெச்சிருந்த? ஊத்தச் சொல்லுன்னு சொன்னியேடா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த. எனக்கு மனசு வரலடா."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வெறி ஏறியது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கூட, பொறுத்திருப்பேன். ஊசி போடக் கூட்டிப் போகிற குழந்தைக்குப் பொம்மை காட்டுவது போல என்னை வேடிக்கை காட்டிக் கூட்டி வந்திருக்கிறான். முப்பது வருஷம் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டவன், சண்டை போட வேண்டிய ஒரே இடத்தில் நல்லவன் ஆகிவிட்டான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கெட்ட வார்த்தைகளெல்லாம் ஹாஸ்டலிலிருந்து அப்படியே திரும்பி வந்தன. அவன் ஒன்றுக்கும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் ஒருவேளை அன்றே சரியாகியிருக்கும்.

வீட்டுக்குள் போய் மனைவியிடம் கொட்டினேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். "கம்பத்தப் புடுங்கின அன்னிக்கு அவ அழுதால்ல. உள்ள கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். சொல்லிட்டா. அவரே உங்ககிட்ட சொல்லுவாரு, அதுவரைக்கும் சொல்லாதீங்கன்னு கையப் புடிச்சுக் கேட்டா."

"அதுக்கப்புறம் எத்தன நாள் ஆச்சு. நான் கொழா போடறதப் பாத்துட்டுதான இருந்த?"

"இன்னிக்குச் சொல்லிடுவாரு, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு தெனமும் பாத்தேங்க. அன்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னாருன்னு வந்து சொன்னீங்களே, அப்ப வாய் வரைக்கும் வந்துச்சு."

"நான் உன் புருஷன்."

"தெரியும். அதனாலதான் சான் ரமோன விட்டுட்டு வந்தேன்."

 அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் சொன்னதைச் சொல்லி நான் பூரித்தபோது, ஓஹோ, ஓஹோ என்று கேட்டுக்கொண்டாளே. மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் என்னை வைத்துக் கமுக்கமாக ஒரு நாடகம் நடத்தியிருக்கிறார்கள். துரோகம் என்பது பெரிய வார்த்தை என்று என் பெண் போனில் சொன்னாள். "டாட், தே ஜஸ்ட் டிடின்ட் வாண்ட் டு ஹர்ட் யூ" என்றாள். எனக்கு அதைவிடச் சின்ன வார்த்தை கிடைக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் அவர்கள் போனார்கள். விடைபெற அவன் மனைவி வந்தாள், அவன் காரிலேயே இருந்தான். வீடு உடனே விற்கவில்லை. காலி வீட்டைப் பார்த்தபடி ஒரு கதவு, அதைத் திறக்க ஆளில்லை. நான் என் பக்கத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு டிரக்கைத் தனியாகப் பிரித்தேன். என்ஜினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் அது மட்டும் அப்படியே இருந்தது.

குளிர் வந்தது. பாய்லரை நான் போடவில்லை. அவன் இரண்டு மூன்று தடவை போன் பண்ணினான். பேத்திகள் பேச்சு, பனி பேச்சு, முழங்கால் பேச்சு. "தரை எப்படிடா சூடாகுது?" என்று ஒரு தடவை கேட்டான். "தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரியில் வீட்டுக்கு ஆள் கிடைத்தது. மிச்சச் சாமான்களை எடுத்துச் சாவி கொடுக்க அவன் மட்டும் வருகிறான் என்று என் மனைவி சொன்னாள். "உங்கள பாக்க வருவாராம். கராஜையும் பாக்கணுமாம்."

நான் எழுந்து கராஜுக்குப் போய்விட்டேன். ஆனால் கான்கிரீட் தரையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஹீட்டரைப் போல, ஆள் வந்த பிறகு சுவிட்சைத் தட்டிச் சூடாக்க முடியாது. சூடேற ஒரு முழு நாள் ஆகும். அவன் வருகிற நாளில் தரை சூடாக இருக்க வேண்டும் என்றால், முந்தின நாளே மனசு இறங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் காலையில் போய்ப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் மேஜையைத் துடைத்தேன். மடக்கு நாற்காலியைப் போட்டேன். கவிழ்த்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். அவன் உள்ளே வந்து, நம் பழக்கப்படி வாசலில் ஷூவைக் கழற்றி, காலை வைத்த நிமிடமே அவனுக்குப் புரிந்துவிடும். மெக்கானிக்கல் படித்தவன். எப்போது போட்டிருப்பேன் என்று கணக்குப் போட அவனுக்குத் தெரியும். நான் எதுவும் பேச வேண்டியிருக்காது.

மத்தியானம் வந்தான். இளைத்திருந்தான். மாடிப்படி இறங்குகிறவனைப் போல் சமதரையில் பக்கவாட்டாக நடந்தான். என் மனைவி காபி கொடுத்தாள். சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று கூடச் சொல்லாமல் குடித்தான். பேத்திகள் படத்தைக் காட்டினான். நான் பார்த்தேன், அழகான குழந்தைகள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஃபிளைட்டுக்கு நேரமாச்சுடா. ரென்டல் கார வேற விடணும்."

நான் எழுந்து நின்றேன். "கராஜப் பாக்கணும்னியாமே."

ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அங்கேயிருந்து நடந்தால் இரண்டு நிமிடம் கூட ஆகாது.

"அடுத்த தடவ வந்து நிதானமாப் பாக்கறேன்டா" என்றான்.

பயமா, வெட்கமா, முழங்காலா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உள்ளே வா, தரை சூடாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். எதற்கு நான் சொல்ல வேண்டும்? நல்லபடியாகப் போய்வா என்றேன். வாசல் வரை போனேன். கார் திரும்புகிற வரைக்கும் நின்றேன்.

பிறகு கராஜுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மனைவி தேடிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்துக் குளிர்ந்த தரையைத் தாண்டி நடந்து வந்தவள், அவன் பக்கத்தில் காலை வைத்ததும் நின்றுவிட்டாள். கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நேத்தே போட்டீங்களா?"

"அவன்கிட்ட சொல்லாத" என்றேன்.

"சொல்லல" என்றாள்.

எழுந்து போய் பாய்லரை அணைத்தேன். பம்ப் சத்தம் நின்றது. அணைத்து என்ன செய்ய? ஏறுவதற்கு ஒரு நாள் ஆனது ஆறுவதற்கும் ஒரு நாள் ஆகும். மறுநாள் சாயங்காலம் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். அவன் பக்கம் இன்னும் சூடாகத்தான் இருந்தது.